வெள்ளிக்கிழமை விளக்கை யார் தேய்ப்பது? வேலை, வீடு, சாமி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு கம்பெனியில் 18 வருஷமாக வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரருக்கு அமெரிக்க நேரத்தில் ஷிஃப்ட். பெரியவள் பன்னிரண்டாம் வகுப்பு, சின்னவன் ஆறாம் வகுப்பு, கூடவே மாமியார். சாஸ்திரம் படித்தவள் இல்லை. ஆனாலும் வீட்டில் வெள்ளி, செவ்வாய், அமாவாசை எல்லாம் ஏதோ நடந்துவிடுகிறது என்பதால், ஆபீஸ் கேன்டீனிலும் எங்கள் ஃபிளாட் லிஃப்டிலும் எப்படி என்று என்னைப் பிடித்துக் கேட்பார்கள். அப்படி வந்த கேள்விகள்தான் இவை. நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். சிவன், முருகன், குலதெய்வம் சாஸ்தா என்று கும்பிடுகிற வீடு. உங்கள் வீட்டு முறை வேறாக இருந்தால் அதற்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

நேரமே இல்லை. சாமி கும்பிட எங்கிருந்து நேரம் எடுப்பது?

நானும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை எரிச்சலில் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கெடுத்தேன். குடும்பமே சாமி முன்னால் நின்றது ஆறு நிமிஷம். கற்பூரம் காட்டி, திருநீறு பூசி, முடிந்தது.

அந்த ஆறு நிமிஷத்துக்கு முன்னால் என்னென்ன? வியாழக்கிழமையே விளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது. படங்களிலிருந்து காய்ந்த பூவை எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பது. பூ வாங்கிவர ஒரு நடை. திரி, எண்ணெய், கற்பூரம் இருக்கிறதா என்று பார்ப்பது. வாசல் துடைத்துக் கோலம். நைவேத்தியத்துக்கு ஒரு பாயசமோ சுண்டலோ. மொத்தம் ஒன்றே முக்கால் மணி நேரம். அவ்வளவும் ஒரே ஆள். அந்த ஆளுக்குத்தான் நேரம் இல்லை. மற்றவர்களுக்கு ஆறு நிமிஷம் என்றைக்குமே இருந்திருக்கிறது.

அதனால் இந்தக் கேள்வியை யார் கேட்கிறார் என்று பார்த்துத்தான் பதில் சொல்வேன். வீட்டில் இந்த வேலையெல்லாம் செய்கிறவர் கேட்டால், வேலையைப் பிரியுங்கள் என்பேன். ஆறு நிமிஷத்துக்கு மட்டும் வந்து நிற்கிறவர் கேட்டால், இந்த வாரம் விளக்கை நீங்கள் தேய்த்துப் பாருங்கள் என்பேன். பூஜை அறைக்குள் நேரம் தானாக வரும்.

எங்கள் வீட்டில் இப்போது விளக்கு தேய்ப்பது இவர், படம் துடைப்பது சின்னவன், கோலம் பெரியவள், பூவும் திரியும் அத்தை, அடுப்பு நான். சும்மா வந்துவிடவில்லை இது. முதல் வாரம் இவர் தேய்த்த குத்துவிளக்கின் இடுக்கிலெல்லாம் புளிச்சக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. அத்தை ஒன்றும் பேசாமல் எடுத்துப்போய்த் திரும்பத் தேய்த்துவிட்டார். இரண்டாம் வாரமும் அதேதான். மூன்றாம் வாரம் நான் குறுக்கே நின்றுகொண்டேன். “அத்தை, அழுக்கோட இருந்தாலும் பரவாயில்லை, நீங்க தொடாதீங்க” என்றேன். அரை மனதாக விட்டார். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றை இவர் தானாகவே எடுத்து இடுக்கில் விட்டுத் தேய்த்தது ஐந்தாவது வாரம்.

மாலை 6 மணிக்கு வீட்டில் ஆளே இல்லை. எட்டு மணிக்கு விளக்கேற்றலாமா?

தாராளமாக. வீட்டுக்கு முதலில் திரும்புகிறவர் கைகால் கழுவிவிட்டு ஏற்றட்டும். எங்கள் வீட்டில் அது பள்ளிக்கூடம் விட்டு வரும் சின்னவன். அத்தை பக்கத்தில் இருப்பார். பெரிய குத்துவிளக்கு வெள்ளிக்கிழமைக்கு மட்டும். மற்ற நாளில் ஒரு காமாட்சி விளக்கு போதும். அடியில் ஒரு தட்டு, கொஞ்சமாக எண்ணெய், பக்கத்தில் திரைச்சீலை எதுவும் கூடாது. ஏற்றச் சொல்லிக் கொடுக்கும்போதே மலையேற்றவும் சொல்லிக் கொடுங்கள்: வாயால் ஊதாமல், பூவாலோ ஒரு சொட்டுப் பாலாலோ குளிர வைப்பது. எரிகிற விளக்கோடு வீட்டைப் பூட்டிக்கொண்டு போனதாக எங்கள் அபார்ட்மெண்டிலேயே இரண்டு கதை இருக்கிறது. இரண்டிலும் கடவுள் புண்ணியத்தில் எரிந்தது மேஜை விரிப்பு மட்டும்.

வீட்டுக்குத் தூரமான நாட்களில் விளக்கே எரிவதில்லையே?

அந்த நாட்களை இப்போது பார்க்காத வீடுகள் நிறைய. பார்க்கிற வீடுகளும் உண்டு, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் ஒருத்தி ஒதுங்கினால் வீட்டில் விளக்கே எரியாது என்றால், மற்ற மூன்று பேருக்கும் தீப்பெட்டி இருக்கும் இடம் தெரியவில்லை என்று பொருள். இடத்தைக் காட்டுங்கள்.

இரவு ஷிஃப்ட். விடிகாலையில் படுத்து மதியம் எழுகிறேன். காலைப் பூஜை எப்படி?

உங்களுக்கு எப்போது விடிகிறதோ அதுதான் காலை. இவர் காலை 4 மணிக்குப் படுத்து 11.30-க்கு எழுவார். குளித்து, திருநீறு பூசி, சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் காப்பி. பிரம்ம முகூர்த்தத்தில் எழ வேண்டும் என்று ஒரு பெரியவர் அறிவுரை சொன்னபோது, “அந்த நேரத்துல நான் முழிச்சுதான் சார் இருக்கேன்” என்றார் இவர்.

வேலை முடிந்து போனால் கோயில் நடை சாத்தும் நேரமாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

அந்த நேரத்துக்கே போங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

பெரும்பாலான கோயில்களில் பகல் 12 மணி வாக்கில் நடை சாத்தி மாலை 4 மணிக்குத் திறப்பார்கள். இது எல்லோருக்கும் தெரியும். மாலை ஆறிலிருந்து எட்டு வரை கூட்டம் என்பதும் தெரியும். ஆனால் சிவன் கோயிலில் நாளின் கடைசி பூஜை அர்த்தஜாமம், இரவு எட்டரை ஒன்பது மணிக்கு. கோயிலுக்குக் கோயில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். அதற்கு எட்டு மணிக்கே வீடு திரும்பிவிடுகிற ஆட்கள் வருவதில்லை. நம்மைப் போன்ற தாமதக்காரர்களுக்கென்றே வைத்தது மாதிரி ஒரு பூஜை.

எங்கள் பகுதியில் ஒரு சின்ன சிவன் கோயில். எண்ணிப் பார்த்தால் பதினைந்து பேர் இருப்போம். சுவாமியின் திருவடியைச் சிறிய பல்லக்கில் வைத்து, மேளத்தோடு ஒரு சுற்று வந்து, அம்மன் பக்கம் உள்ள பள்ளியறைக்குக் கொண்டுபோவார்கள். பல்லக்குத் தூக்க ஆள் குறைந்தால் நிற்கிறவர்களில் யாரையாவது கூப்பிடுவார்கள். லேப்டாப் பையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிவந்து தோள் கொடுத்த ஒரு பையனைப் பார்த்திருக்கிறேன். பள்ளியறைக்குள் ஊஞ்சல். ஒரு பாட்டு. பிறகு திரையைப் போட்டுவிட்டு, நைவேத்தியப் பாலை ஆளுக்கு ஒரு கரண்டி உள்ளங்கையில் ஊற்றுவார் குருக்கள். கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் ஏலக்காய். கடைசியாகப் பைரவருக்குத் தீபாராதனை காட்டிவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். என் மகன் அங்கே இரவு உடையோடுதான் வருவான். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. வீடு திரும்பும்போது வண்டியில் பாதி தூக்கம்.

பிரதோஷத்துக்குப் போக ஆசை. ஆனால் 4.30-க்கு எப்போதும் மீட்டிங் இருக்கிறதே?

பிரதோஷம் மாதம் இரண்டு, வளர்பிறையில் ஒன்று, தேய்பிறையில் ஒன்று. நேரம் மாலை நாலரையிலிருந்து ஆறு. எல்லாவற்றுக்கும் போக நினைத்தால் எதற்கும் போக மாட்டீர்கள். காலண்டர் வாங்கியதுமே சனி, ஞாயிறில் வருகிற பிரதோஷங்களை மட்டும் சுழித்து வையுங்கள். சனிப் பிரதோஷத்துக்குத் தனி விசேஷம் என்பதால் அத்தைக்கும் சந்தோஷம். ஒரே குறை, அன்றைக்கு நந்தியைப் பார்க்கவே முடியாது, அவ்வளவு கூட்டம்.

மார்கழியில் தினமும் எழுந்திருக்க முடியவில்லை. முழுசாக விட்டுவிடலாமா?

விடாதீர்கள். வருஷத்தில் வேறெந்த மாதமும் நமக்கு இவ்வளவு வசதியாக அமைக்கப்படவில்லை. திருப்பாவை 30 பாசுரம். சிவன் கோயில்களில் திருவெம்பாவை 20, திருப்பள்ளியெழுச்சி 10, அதுவும் 30. நாளுக்கு ஒரு பாட்டு, மூன்று நிமிஷம். இன்றைக்கு எத்தனை, நாளைக்கு எத்தனை என்ற யோசனையே வேண்டாம். சில வருஷம் மார்கழிக்கு 29 நாள்தான், அப்போது கடைசியில் ஒரு நாள் இரண்டு பாட்டு.

நாங்கள் செய்வது இவ்வளவுதான். காலை 6.40-க்கு நான் டிபன் பாக்ஸ் கட்டும்போது, பிள்ளைகளில் ஒருவர் அடுப்படி வாசலில் நின்று அன்றைய பாட்டை வாசிக்க வேண்டும். ராகம் வேண்டாம். தப்பாக வாசித்தால் அத்தை ஹாலிலிருந்து திருத்துவார். பெரியவளுக்குப் பதம் பிரிக்கத் தெரிந்தது அப்படித்தான். தமிழாசிரியைகூட ஒருமுறை எங்கே கற்றாய் என்று கேட்டாராம். கோலத்தை வேண்டுமானால் முந்தின இரவே போட்டுவிடலாம், எங்கள் தளத்தில் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். பூசணிப்பூ வைக்க ஆசைதான். ஆறாவது மாடிக்குப் பூசணிப்பூ எங்கே வருகிறது?

குலதெய்வம் கோயில் ஊரில் இருக்கிறது. வருஷா வருஷம் தள்ளிப்போகிறதே?

இது ஒன்றைத் தள்ளிப்போட வேண்டாம் என்பது என் எண்ணம். மற்ற கோயிலில் சாமியை மட்டும் பார்க்கிறோம், குலதெய்வம் கோயிலில் சொந்தக்காரர்களையும் சேர்த்துப் பார்க்கிறோம்.

எங்கள் பக்கத்தில் சாஸ்தாவைக் கும்பிடுகிறவர்களுக்குப் பங்குனி உத்திரம்தான் நாள். தென் மாவட்டங்களில் அன்றைக்குக் குளக்கரையிலும் வயற்காட்டு நடுவிலும் இருக்கிற சாஸ்தா கோயில் எல்லாவற்றிலும் கூட்டம் இருக்கும். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்த கோயில்கூட அன்றைக்கு வெள்ளையடித்து நிற்கும். சில குடும்பங்களுக்கு ஆடி அமாவாசை. காரையாறு சொரிமுத்தய்யனாருக்குப் போகிறவர்கள் முண்டந்துறைக் காட்டுக்குள் ஆற்றோரம் கூடாரம் போட்டுத் தங்கிக் கும்பிடுவது அப்போதுதான். உங்களுக்கு மாசி சிவராத்திரியாக இருக்கலாம். எந்த நாள் என்று தெரியாவிட்டால் ஊரில் இருக்கிற வயதான அத்தையிடம் கேளுங்கள். கேட்கும் நிலையில் அவர் இருக்கும்போதே கேளுங்கள்.

சிக்கல் என்ன? பங்குனி உத்திரம் மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலுமாக வரும். கணக்குப் பிரிவில் இருக்கிறவர்களுக்கு வருஷக் கணக்கு முடிக்கும் நேரம். பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு. ஆகவே இதை முன்கூட்டியே பிடித்து வைக்க வேண்டும். புது வருஷத்துப் பஞ்சாங்கம் கைக்கு வந்ததும் தேதியைக் குறித்து மேனேஜரிடம் ஜனவரியிலேயே சொல்லிவிடுவேன். ரயில் முன்பதிவு முன்பு 120 நாளுக்கு முன்னால் திறந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 60 நாள். காலை 8 மணிக்குத் திறக்கும். திருநெல்வேலி ரயில்களில் பண்டிகைக் காலத்து டிக்கெட் எவ்வளவு சீக்கிரம் போகும் என்று தெற்கே ஊர் உள்ளவர்களிடம் சொல்லத் தேவையில்லை. அன்று காலை 7.50-க்கு எங்கள் வீட்டில் இரண்டு போன், ஒரு லேப்டாப் தயாராக இருக்கும்.

2025-ல் பங்குனி உத்திரம் ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை. பின்னாலேயே சனி, ஞாயிறு, திங்கள் சித்திரை முதல் நாள். ஒரே ஒரு நாள் லீவில் நான்கு நாள் கிடைக்கிற வருஷம். ஆனால் பெரியவளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு நடந்துகொண்டிருந்தது, 15-ம் தேதிதான் முடிவு. நானும் அவளும் போக முடியாது. என்ன செய்வது என்று இரண்டு நாள் பேசினோம். இந்த வருஷம் விட்டுவிடலாம் என்றார் இவர். விடக்கூடாது, நீங்கள் போங்கள் என்றேன். “பொங்கல் யார் வைப்பா?” என்று கேட்டார் பாருங்கள், அதற்குத்தான் மேலே அவ்வளவு எழுதினேன்.

போனார், அத்தையையும் பையனையும் கூட்டிக்கொண்டு. அத்தைக்கு முழங்கால் வலி, கீழே உட்கார முடியாது. ஆகவே குளக்கரையில் மூன்று செங்கல்லை வைத்துப் பொங்கல் பானை ஏற்றியது இவரும் இவர் தம்பியும். ஈர விறகு. பையன் பனையோலை விசிறியால் விசிறி விசிறிக் கண்ணெல்லாம் புகை. பொங்கி வந்ததும் குலவை போட நம் வீட்டிலிருந்து ஆள் இல்லை என்று பக்கத்து அடுப்புப் பெண்கள் சேர்ந்து போட்டார்களாம். வெல்லத்தைச் சீக்கிரம் போட்டுவிட்டதால் அரிசி வேகவில்லை. அடியும் பிடித்துவிட்டது. சித்தப்பா வீட்டு அத்தனை பேரும் சிரித்தார்கள். படையலில் அந்தப் பொங்கல்தான் வைக்கப்பட்டது. வீடியோ காலில் எனக்குக் காட்டினார். சிக்னல் போய்ப் போய் வந்ததில் நான் பார்த்தது பானையின் கரியும் இவருடைய வேட்டியும் மட்டும்தான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சர்க்கரைப் பொங்கல் என்றால் அவர்தான். அரிசி குழைந்த பிறகுதான் வெல்லம் என்று இப்போது எனக்கே பாடம் எடுக்கிறார்.

கணவர் ஐயப்பனுக்கு மாலை போட்டால் எனக்கு வேலை இரட்டிப்பாகிறது. சொல்லலாமா, சொன்னால் பாவமா?

சொல்லுங்கள். கார்த்திகை முதல் தேதி மாலை போட்டால் மண்டலம் 41 நாள். அந்த 41 நாளும் அவர் காலையில் தலைக்குக் குளிக்கிறார், செருப்பில்லாமல் நடக்கிறார், தரையில் படுக்கிறார். கஷ்டம்தான், மறுக்கவில்லை. அதே 41 நாளும் வீட்டை இரண்டு வேளை துடைப்பது, தனிச் சமையல், கறுப்பு வேட்டியைத் தனியாகத் துவைப்பது, கன்னி பூஜை என்று முப்பது பேருக்கு இலை போடுவது யார்? அதில் பாதி விரதம் உங்களுடையது.

என் தோழி வீட்டில் ஒரு வழி கண்டார்கள். மாலை போட்டவரே காலைப் பூஜைக்கு முன் வீட்டைத் துடைத்து, தன் துணியைத் தானே துவைத்துவிடுகிறார். கன்னி பூஜைச் சமையல், அவருடைய சாமிமார் கூட்டமே வந்து சமைக்கிறது. அவர்கள் வைத்த சாம்பார், தோழியின் மொழியில் சொன்னால், “நம்ம சாம்பாரைவிட ஒரு படி மேல”. எரிச்சலாக இருந்தது என்றும் சேர்த்துச் சொன்னாள்.

கொலு வைக்க ஆசை, பயமாகவும் இருக்கிறது.

மூன்று படி போதும். ஒற்றைப்படை என்பதுதான் கணக்கு, ஒன்பது என்று கட்டாயமில்லை. ஒன்பது நாளும் ஆட்களைக் கூப்பிட வேண்டாம். எங்கள் தளத்தில் நான்கு வீடு சேர்ந்து நாள் பிரித்துக்கொண்டிருக்கிறோம், சுண்டல் அன்றைக்கு யார் முறையோ அவர்கள். கொலுவில் நிஜமான நேரம் போவது பொம்மைகளை எடுத்து வைக்கும்போது. அதைத் தனியாகச் செய்யாதீர்கள். பொம்மைகளைச் சுற்றியிருக்கும் பழைய செய்தித்தாளைப் பிரித்துப் பிரித்து, அதில் உள்ள விளம்பரத்தை வாசித்துப் பிள்ளைகள் சிரிக்க, ஒரு மணி நேர வேலை மூன்று மணி நேரமாகும். ஆகட்டும்.

பிள்ளைகள் கோயிலுக்கு வர மாட்டேன் என்கிறார்கள். டியூஷன் வேறு.

வயதைப் பொறுத்தது. சின்னவர்கள் புளியோதரைக்கு வருவார்கள். யானை இருந்தால் இன்னும் சுலபம். பதினைந்து வயதுக்கு மேல் இழுத்துக்கொண்டு போனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து நமக்குத்தான் கோபம் வரும், சாமி முன்னால் நின்று சண்டை போடுவோம். பெரியவள் ஒரு வருஷம் வரவே இல்லை. நான் விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமைக் கோலம் மட்டும் அவள் வேலை, அதை விடவும் இல்லை, பேசவும் இல்லை. கடவுள் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டே புள்ளி வைப்பாள். பன்னிரண்டாம் வகுப்பு வந்ததும் பரீட்சைக்கு முந்தின நாள் தானாகவே பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுகிறாள், அதற்கு என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை.

டியூஷன் விஷயத்தில் ஒன்றே ஒன்று: வெள்ளி மாலை வகுப்பு வைக்காத இடமாகப் பாருங்கள். நாங்கள் இரண்டு இடத்தில் கேட்டு மூன்றாவது இடத்தில் சேர்த்தோம்.

அமாவாசையன்று காக்கைக்கு வைக்காமல் சாப்பிடக்கூடாது. எட்டு மணிக்கு ஆபீஸ் பஸ்!

விரதம் இருப்பவர் மதியம்தானே சாப்பிடப்போகிறார். மாமனார் தவறிய பிறகு எங்கள் வீட்டில் விரதம் இவருக்கு. எழுவதே 11.30 என்பதால் பிரச்சினையே இல்லை. காலையில் நான் சாம்பாரும் வாழைக்காய்ப் பொரியலும் வைத்துவிட்டு, சாதத்துக்கு அரிசியைக் கழுவி ஊறப்போட்டுவிட்டுப் போவேன். சாதம் வடித்து, இலை போட்டு, காக்கைக்கு வைப்பது அவர். எல்லா அமாவாசைக்கும் முடியாதவர்கள் ஆடி, புரட்டாசி, தை மூன்றையும் மட்டும் விடாமல் பார்க்கிறார்கள். ஆறாவது மாடியில் காக்கை வராது, புறாதான் வருகிறது. அத்தைக்கு அதில் தீராத வருத்தம். அதற்காகவே இவர் சாதத்தை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறார்.

கணவருக்குச் சாமி நம்பிக்கையே கிடையாது. பிடிவாதமான ஆள்.

தமிழ்நாட்டில் இது புதிதா என்ன! நம்பிக்கையைக் கேட்காதீர்கள், வண்டியைக் கேளுங்கள். கோயில் வாசல் வரை கொண்டுவந்து விட்டு, செருப்புக்குக் காவல் நின்று, கூட்டிப்போகட்டும். பிரசாதத்தை இனிப்பு என்று சாப்பிடட்டும். எங்கள் பெரியப்பா ஒருவர் நாற்பது வருஷம் கறுப்புச் சட்டைதான், ஆனால் பெரியம்மாவின் தைப்பூசப் பாதயாத்திரைக்குப் பின்னாலேயே மோர்ப் பாத்திரத்தோடு சைக்கிளில் போவார். கேட்டால், “நான் முருகனுக்குப் போகலை, இவளுக்குப் போறேன்” என்பார்.

பண்டிகைக்கு லீவு கிடைப்பதில்லை. சட்டம் என்ன சொல்கிறது?

1958-ம் வருஷத்துத் தமிழ்நாடு சட்டம் ஒன்று இருக்கிறது, தொழில் நிறுவனங்களில் தேசிய விடுமுறை, பண்டிகை விடுமுறை பற்றியது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என நான்கு நாள். அது போக, பண்டிகைகளுக்கு ஐந்து நாள். அரசு விடுமுறை எல்லாம் தனியார் கம்பெனிக்கும் தானாக வந்துவிடாது. தைப்பூசம் 2021-லிருந்து அரசு விடுமுறை, ஆனால் எங்கள் ஆபீஸ் பட்டியலில் இல்லை. அடுத்த வருஷப் பட்டியல் தயாராகும்போதே, டிசம்பருக்குள், உங்களுக்கு வேண்டிய நாளைக் கேட்டுவையுங்கள். விருப்ப விடுமுறை என்று ஒன்றிரண்டு நாள் கொடுக்கிற கம்பெனியும் உண்டு. பலர் அது இருப்பதே தெரியாமல் வருஷக் கடைசியில் வீணாக விடுகிறார்கள்.

கோயில் விழாவை யூடியூப் நேரலையில் பார்த்தால் போதுமா?

உடம்பு முடியாதவர்களுக்கு அது பெரிய வரம். அத்தை திருவண்ணாமலைத் தீபத்தை அப்படித்தான் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். கால் நன்றாக இருக்கிறவர்கள் போக வேண்டியதுதான். பௌர்ணமிக் கூட்டம் பயமென்றால் வேறொரு நாள் போங்கள். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். குடும்பமாக நடந்தால் ஐந்து மணி நேரம், அவ்வளவு நேரம் பிள்ளைகளோடு போனைப் பார்க்காமல் பேச வேறெங்கும் கிடைக்காது.

ஊரில் அம்மா தனியாக இருக்கிறார். போனில் பேசக்கூட நேரம் அமைவதில்லை.

‘நேரம் கிடைத்தால் பேசுகிறேன்’ என்றால் பேச மாட்டீர்கள். நான் அம்மாவோடு பேசுவது பூ கட்டும்போது. செவ்வாய், வியாழன் இரவு 9 மணிக்குப் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அத்தையும் நானும் மறுநாள் பூவைக் கட்டுவோம், அங்கே அம்மா ஏதாவது ஆய்ந்துகொண்டிருப்பார். சம்பந்திகள் இருவரும் பேச ஆரம்பித்தால் எனக்குப் பேச இடம் கிடைக்காது. முல்லை அரை முழம் கட்டி முடிவதற்குள் ஊரில் யாருக்கு என்ன என்பது முழுதும் வந்துவிடும்.

ஒரு வாரம் விட்டுப்போனால் தோஷமா?

இல்லை. அடுத்த வாரம் ஏற்றுங்கள்.

வாரத்தில் ஒரு வேளைகூட நான்கு பேரும் சேர்ந்து உட்கார முடியவில்லை. எப்படித்தான் செய்வது?

எல்லோருக்கும் சௌகரியமான நேரம் என்று ஒன்று வராது. நாங்கள் மூன்று மாதம் தேடிப் பார்த்தோம். கடைசியில் யாருக்கு நேரத்தை நகர்த்தவே முடியாதோ அவருக்கு மற்றவர்கள் வளைந்துகொடுத்தோம். இவருக்கு வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தே ஷிஃப்ட், மாலை 6.30-க்குத் தொடங்கினால் சாப்பாட்டு இடைவேளை 8.30. ஆகவே எங்கள் வீட்டு வெள்ளிப் பூஜை இரவு 8.30. விளக்கு ஆறு மணிக்கே சின்னவன் ஏற்றிவிடுவான். கற்பூரம் மட்டும் எல்லோரும் வந்த பிறகு. அப்புறம் ஹாலில் தரையில் உட்கார்ந்து இட்லி, அன்றைய நைவேத்தியம், 9.10-க்கு இவர் எழுந்து போய்விடுவார். நாற்பது நிமிஷம். போன்கள் பூஜை அறை மாடத்தில், குங்குமச் சிமிழ் பக்கத்தில்.

ஆரம்பத்தில் ஒருநாள், மைக்கை அணைக்க மறந்து கழுத்தில் ஹெட்செட்டோடு வந்து நின்றுவிட்டார். சின்னவன் மணியை எடுத்து ஓங்கி ஆட்டினான். அந்தப் பக்கம் இருந்த அமெரிக்கர் பதறிப்போய், யார் வீட்டில் தீ எச்சரிக்கை மணி அடிக்கிறது, எல்லோரும் பத்திரமா என்று கேட்டாராம். இவர் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை மீட்டிங் 8.25-ஐத் தாண்டினால், உங்கள் மணி அடிக்கும் நேரமாயிற்றே, போகவில்லையா என்று அவர்களே கேட்கிறார்களாம்.